நாலாவது எழுத்து

திங்கட்கிழமை காலையில் என் குரல் எழும்பாது. ஜலதோஷம் கிடையாது, தொண்டைப்புண் கிடையாது. சனிக்கிழமை மாலை ராயபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக் கதவைச் சாத்தினால் அதற்கப்புறம் பேச ஆள் இல்லை, அவ்வளவுதான். அப்பா போய், அம்மாவும் போய், தம்பி குடும்பத்தோடு மஸ்கட்டில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன். எனக்குச் சுருதி சேராது என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிவிட்டார்கள், அதனால் பாட்டுக்கு வாயை மட்டும் அசைப்பேன். வெளியே வரும்போது தெரிந்தவர்கள் தலையை ஆட்டுவார்கள், நானும் ஆட்டுவேன். பால் கடையில் விரலைக் காட்டினால் பாக்கெட் கைக்கு வந்துவிடும். இப்படிச் சும்மா கிடந்த தொண்டை திங்கள் காலையில் முதல் வார்த்தைக்குத் துருப்பிடித்த கதவு மாதிரி கரகரவென்று திறக்கும்.

அந்த முதல் வார்த்தை 'கன்ட்ரோல்'. எர்ணாவூர் தாண்டி, துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலையில், ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. கப்பலிலிருந்து இறங்கின பெட்டிகளும் கப்பலுக்குப் போகவேண்டிய பெட்டிகளும் அங்கே அடுக்கடுக்காக நிற்கும். நடுவில் இரும்புப் படிக்கட்டு ஏறிப் போனால் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. கன்ட்ரோல் ரூம் என்று பெயர் பெரிதாக இருந்தாலும் உள்ளே ஒரு நாற்காலிக்குத்தான் இடம். மேஜையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு வாக்கிடாக்கி. அதை நாங்கள் செட் என்போம். கிரேன் ஓட்டுகிறவர் ஒரு பெட்டியைத் தூக்கும் முன் அதன் நம்பரைச் செட்டில் படிப்பார். நான் டைப் செய்துகொண்டே திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். சரியாக இருந்தால் அவர் 'ரோஜர்' என்பார், பெட்டி லாரியில் ஏறும். காலையிலிருந்து மாலைவரை இதுதான் பிழைப்பு.

நாள் முழுக்க ஆண்கள் என் காதுக்குள் பேசினார்கள், ஒருவர் முகமும் எனக்குச் சரியாகத் தெரியாது. அவர்கள் பின்வாசல் வழியாக வருவார்கள், நான் முன்வாசல் வழியாக. அவர்கள் கேன்டீனில் சாப்பிடுவார்கள், நான் நாற்காலியிலேயே டப்பாவைத் திறப்பேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் தூரத்தில் கிரேன்களின் உச்சியில் தீப்பெட்டி அளவுக்கு அவர்களுடைய அறைகள் தெரியும். அதிலும் ஒரு ஆள், ஒரு நாற்காலிதான்.

நம்பர் படிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு பெட்டியின் மேலும் நாலு ஆங்கில எழுத்து, அதன் பின்னால் எண்கள் இருக்கும். லாரி இரைச்சல், ஹாரன், கிரேனின் எச்சரிக்கை மணி, போதாததற்குக் கடல்காற்று. இதற்கு நடுவே பி, டி, சி, ஜி எல்லாமே ஒரே 'ஈ'யாகத்தான் காதில் விழும். அதனால் எழுத்தோடு ஒரு சொல்லையும் சேர்த்துச் சொல்வது வழக்கம். உலகத்தில் உள்ள கப்பல்காரர்கள் எல்லோருக்கும் அதற்கென்று ஒரு வரிசை இருக்கிறது. ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று போகும். எங்கள் யார்டிலும் அதை அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. எங்கள் ஆட்கள் சொந்தமாக ஒன்று வைத்திருந்தார்கள்.

ஆர் ஃபார் ராயபுரம். கே ஃபார் காசிமேடு. டி ஃபார் தண்டையார்பேட்டை. எம் ஃபார் மாமு. பி ஃபார் புழல் என்று ஒருவர் சொல்வார், ஏரியை நினைத்து அல்ல, அவருடைய மச்சான் அங்கே ஜெயிலில் இருந்தார். எஸ் ஃபார் இஸ்கூலு. ஒய் ஃபார் ஒய்ஃப். இந்த ஒய்ஃபைக் கேட்டு முதல் மாதம் சிரித்தேன், அப்புறம் என் விரலே தானாக ஒய்யைத் தேடிப் போய்த் தட்டியது.

நாலாவது எழுத்துக்கு வருகிறேன். முதல் மூன்று எழுத்து பெட்டி யாருடையது என்று சொல்லும். நாலாவது எழுத்து யூ. எங்கள் யார்டுக்கு வந்த எல்லாப் பெட்டிக்கும் யூதான். வேறு எழுத்து வராது என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் அதை யாரும் கவனிப்பதில்லை. யூவுக்கு என்ன சொல் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. பெரும்பாலோர் வெறுமனே 'யூ' என்று முனகிவிட்டு எண்ணுக்குப் போவார்கள்.

கிரேன் மூன்று மட்டும் போக மாட்டார். மூன்றாம் நம்பர் கிரேனை ஓட்டுகிறவருக்குச் செட்டில் அதுதான் பெயர். காசிமேட்டுக்காரர் என்பது பேச்சிலேயே தெரியும். மூன்று எழுத்தையும் ஒழுங்காகச் சொல்லி முடித்து ஒரு மூச்சு விட்டு, 'யூ ஃபார் உப்புமா' என்பார். மறுநாளும் உப்புமா. அதற்கடுத்த நாளும். பெண்டாட்டி இருக்கிற வீட்டில் தினமும் உப்புமா கிண்ட மாட்டார்கள். மனிதர் தனியாகப் பொங்கித் தின்கிறார் என்று நான் முடிவு கட்டினேன். பிற்பாடு அது சரி என்று தெரிந்தது. மனைவி தவறிவிட்டார், ஒரே மகளைப் புழல் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்.

ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளை முடிந்து வந்த முதல் பெட்டிக்கு 'யூ ஃபார் ஊசிப்போச்சு' என்றார். அப்போது நல்ல வெயில் காலம். இடைவேளைவரை கிரேன் மேல் வைத்த சாப்பாடு எப்படித் தாங்கும்? திரும்பப் படிக்கும்போது என்னையறியாமல் 'யூ ஃபார் உண்ணாவிரதம்' என்றேன். வேலை போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு 'ரோஜர்' என்றார், சிரிப்பை அடக்குகிற குரலில்.

அப்படித்தான் ஆரம்பித்தது. யூ ஃபார் ஊதக்காத்து, யூ ஃபார் உறவுக்காரங்க, யூ ஃபார் ஊசி என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருக்கிறார். அதற்கு நான் 'யூ ஃபார் உடம்பைப் பாருங்க' என்பேன். ஒரு பெட்டிக்கு ஒரு சொல், அதற்கு மேல் கிடையாது. செட்டில் தேவையில்லாமல் பேசக்கூடாது என்பது விதி. நாங்கள் விதியை மீறவில்லை, நாலாவது எழுத்தைத்தான் சொன்னோம். ஒரு முறை பேட்டரி இறங்கி என் செட் செத்துப்போய், மாற்றிப் போட்டதும் அவர் குரல் கேட்டது. 'கன்ட்ரோல், கன்ட்ரோல், மேடம், கீறீங்களா?' எத்தனை முறை கேட்டிருந்தாரோ, குரலில் ஒரு பதைப்பு இருந்தது. அடுத்த பெட்டிக்கு நான் சொன்னேன், 'யூ ஃபார் உள்ளேன்.' பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுக்கும்போது எழுந்து நின்று சொல்வோமே, அந்த உள்ளேன். அதன்பின் தினமும் காலையில் அவருடைய முதல் பெட்டிக்கு அதுதான் என் பதில்.

ஒரு திங்கட்கிழமை என் கரகரப்பைக் கேட்டுவிட்டு 'யூ ஃபார் உப்புத்தண்ணி' என்றார். எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று நினைத்துக் கொப்பளிக்கச் சொல்கிறார். கட்டவில்லை, பேச ஆளில்லாமல் இப்படி இருக்கிறது என்று ஒரு சொல்லில் எப்படிச் சொல்வது? 'ரோஜர்' என்றேன். அடுத்த திங்களும் உப்புத்தண்ணி. அதற்கடுத்த திங்களும். மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். திங்கள் தவறாமல் வரும் ஜலதோஷம் உலகத்தில் இல்லை. ஆனாலும் அதையேதான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது நாளை காலை அதைச் சொல்லப் போகிறார் என்ற நினைப்பு வரும். அந்த நினைப்பு எனக்கு வேண்டியிருந்தது.

இது என்ன கதை, காதலா என்று கேட்பவர்கள் மேல் எனக்கு எரிச்சல்தான் வரும். தம்பி மனைவியிடம் மட்டும் ஒரு முறை வாய்தவறிச் சொன்னேன், அவள் போனில் அப்படித்தான் கேட்டாள். காலையில் என்ன சாப்பிட்டார் என்று ஒரு மனிதர் எனக்குச் சொன்னார், நான் இருக்கிறேன் என்று அவருக்குச் சொன்னேன். இதற்கு ஒரு பெயர் வைத்தே ஆக வேண்டுமா?

பிறகு புது சாஃப்ட்வேர் வந்தது. செட்டில் பேசுவதை அதுவே கேட்டு, அதுவே டைப் செய்யும். நான் பார்த்துச் சரி என்று தட்டினால் போதும். உச்சரிப்பு சரியாக இருந்தால் திரையில் எழுத்து பச்சையாக விழும், இல்லாவிட்டால் சிவப்பு. அதற்குப் புழலும் தெரியாது, காசிமேடும் தெரியாது. சுவரில் ஒட்டியிருந்த வரிசை மட்டும்தான் தெரியும், அதுவும் ஒழுங்கான ஆங்கிலத்தில். எல்லோருக்கும் பயிற்சி, பயிற்சி முடிந்ததும் தேர்வு. மதிப்பெண் வராதவர்களிடமிருந்து செட்டை வாங்கிவிடுவார்கள். செட் இல்லாமல் கிரேன் ஓட்ட முடியாது, காலிப் பெட்டிகளைக் கழுவும் கொட்டகைக்குப் போகவேண்டியதுதான். இதைச் சூப்பர்வைசர் படியேறி வந்து என்னிடம் சொன்னபோது எனக்குக் கிரேன் மூன்றின் 'ஃபார்'தான் காதில் ஒலித்தது. அவர் அதை 'பார்' என்றுதான் சொல்வார். அவர் வாயில் எஃப் கிடையாது.

பயிற்சி கேன்டீனில் நடந்தது. வேளச்சேரிப் பக்கத்திலிருந்து ஒரு இளம்பெண் வந்திருந்தாள், பொறுமைசாலி. முதலில் எல்லோரையும் வரிசையாகப் படிக்கவிட்டாள். ஆல்ஃபா ஆல்பாவானது. எக்கோ யெக்கோவானது. ஹோட்டல், ஓட்டலு. கோல்ஃப், கோல்பு. ஃபாக்ஸ்ட்ராட் பாக்ஸ்ராட்டு என்று வந்தது, ஒருவர் மட்டும் பாஸ்போர்ட்டு என்றே படித்துவிட்டு உட்கார்ந்தார். ஜூலு என்று எல்லோரும் ஒற்றுமையாகச் சொன்னார்கள், ஒருவர் நாக்கிலும் இஸட் எழும்பவில்லை. விஸ்கி மட்டும் அத்தனை பேருக்கும் பச்சை விழுந்தது. கேன்டீன் கைதட்டி அதிர்ந்தது. எண்களில் ஒன்பதை 'நைனர்' என்று சொல்லவேண்டும் என்றதும் பின்வரிசையிலிருந்து 'இன்னா நைனா?' என்று ஒரு குரல், மறுபடி சிரிப்பு.

எனக்கு ஆங்கிலம் வரும் என்ற மிதப்பில் இருந்தேன். கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தவள். பாடம் தமிழில், அதட்டல் ஆங்கிலத்தில். எழுந்து படித்தேன். நவம்பரை 'நவம்பரு' என்றும் எம்மை 'யெம்' என்றும் இத்தனை வருடமாகச் சொல்லி வந்திருக்கிறேன் என்று அந்தச் சனியன் பிடித்த திரை ஊரறியச் சிவப்பில் காட்டியது. மிதப்பு இறங்கியது.

அன்றைக்குத்தான் கிரேன் மூன்றை நேரில் பார்த்தேன். குரலை வைத்து நான் கட்டிவைத்திருந்த ஆளைவிடச் சின்ன உருவம். சட்டையை நன்றாகத் தேய்த்துப் போட்டிருந்தார். அவருக்கும் நான் வேறு மாதிரியாகத்தான் இருந்திருப்பேன். டீ இடைவேளையில் பக்கத்தில் வந்து நின்றார்.

'சாப்ட்டீங்களா மேடம்?'

'ஆச்சு.'

அதோடு சரி. அவர் டம்ளரைப் பார்த்தார், நான் மின்விசிறியைப் பார்த்தேன். அண்ணா என்று கூப்பிட்டிருக்கலாம், இந்தப் பக்கத்தில் யாரும் யாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு ஏனோ வாய் வரவில்லை. மதியம் அவரவர் கண்ணாடி அறைக்குத் திரும்பிய பிறகு அவருடைய முதல் பெட்டிக்கு 'யூ ஃபார் ஊமை' என்றார். 'யூ ஃபார் ஊமை, ரெண்டு பேர்' என்று திரும்பப் படித்தேன். அப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

அவருடைய முதல் மாதிரித் தேர்வின் முடிவு என் அறைத் திரையிலும் தெரிந்தது. முக்கால்வாசி சிவப்பு. கொட்டகைக்கு அனுப்பினால் செட் போய்விடும், செட் போனால் அந்தக் குரல் போய்விடும். எனக்குப் பயமாக இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் யாரும் பயன்படுத்தாத கடைசி சேனலுக்கு வரச் சொன்னேன். நான் டப்பாவை மூடிவைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த வரைக்கும், அந்தப் பெண் காட்டியதையெல்லாம் செட்டிலேயே சொல்லிக்கொடுத்தேன். எஃப் வரவேண்டும் என்றால் கீழ் உதட்டை மேல் பல்லால் லேசாகக் கடிக்க வேண்டும். நேரில் காட்டினால் ஒரு நொடி வேலை. முகம் தெரியாத காற்றில் ஒரு ஆண்பிள்ளையிடம் உதட்டைக் கடிங்க என்று சொல்ல எனக்குக் காது சூடானது.

'கடிச்சாச்சு மேடம். வெறும் காத்துதான் வந்துகினு கீது.'

'காத்துதான் வரணும்.'

'அப்ப செரி. ஃபா. ஃபா. இன்னா மேடம் இது, பல்லு போன கெய்வன் மாதிரி கீது.'

இஸட்டுக்கு வண்டு பறக்கிற மாதிரி ரீங்காரம் போடச் சொன்னேன். நாள் முழுக்க அந்தக் கிரேன் உச்சியில் வண்டு பறந்தது. எல்லாவற்றையும்விடக் கஷ்டம் கடைசியில் வந்து ஒட்டிக்கொள்ளும் உகரம்தான். ஓட்டலு, கோல்பு, சுவர் வரிசையில் யூவுக்கு இருந்த யூனிஃபார்ம்கூட யூனிபாரமு. நம் வாய் ஒரு சொல்லை மெய்யெழுத்தில் வெட்டி நிறுத்தப் பயப்படுகிறது, பின்னால் துணைக்கு ஒன்றை அனுப்பிவைக்கிறது.

'சொல்லி முடிச்சதும் வாயை மூடிடுங்க. பின்னாடி எதையும் விடாதீங்க' என்றேன்.

'அத்த அப்டியே அம்போன்னு வுட்றதா மேடம்?'

'ஆமா. அம்போன்னு விட்டுடுங்க.'

கொஞ்சம் யோசித்துவிட்டு 'பாவமா கீது' என்றார். பிறகு சொன்னார். 'யூனிஃபார்ம்.' கத்தரித்த மாதிரி வந்து நின்றது. நான் இந்தப் பக்கம் கைதட்டினேன். பட்டனை அழுத்தாமல் தட்டியதால் அவருக்குக் கேட்டிருக்காது.

தேர்வில் அவருக்குத்தான் முதல் மதிப்பெண். என்னைவிடக் கூட. செய்தியைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடி வழியாக மூன்றாம் நம்பர் கிரேனைப் பார்த்தேன், வழக்கம்போல ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றது. செட் அவரிடமே இருக்கும், குரல் எங்கேயும் போகாது. அன்று வீட்டுக்குப் போகும்போது வழியில் இறங்கி அல்வா வாங்கினேன். வீட்டில் வைத்து ஒரே ஆளாகத் தின்றேன்.

மறுநாளிலிருந்து சாஃப்ட்வேர் முழுதாக வேலைக்கு வந்தது. சொல்வது எல்லாம் பதிவாகும், சிவப்பு விழுந்தால் அன்று மாலை சூப்பர்வைசர் கூப்பிட்டுக் கேட்பார். அவருடைய முதல் பெட்டி வந்தது. மூன்று எழுத்துக்கும் மூன்று சொல், சுத்தமான பச்சை. ஒரு மூச்சு விட்டார். நான் காத்திருந்தேன். 'யூனிஃபார்ம்' என்றார். நானும் 'யூனிஃபார்ம்' என்று திரும்பப் படித்தேன். வேறென்ன படிப்பது? அடுத்த பெட்டிக்கும் யூனிஃபார்ம். அந்த வாரம் முழுக்க யூனிஃபார்ம்.

குரல் அதே குரல்தான். ஆனால் அவர் காலையில் என்ன சாப்பிட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. எண்ணூர்ப் பக்கம் மழை பிடித்து யார்டில் முழங்கால் தண்ணீர் நின்ற நாளிலும் யூனிஃபார்ம். மகள் வந்தாளா, ஊசி போட்டுக்கொண்டாரா, ஒன்றும் தெரியவில்லை. திங்கட்கிழமை நான் கரகரத்தபோது மட்டும் மூன்றாவது எழுத்துக்கும் நாலாவது எழுத்துக்கும் நடுவில் அவருடைய மூச்சு கொஞ்சம் நீண்டது. அவ்வளவுதான் கிடைத்தது. நானும் அதை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்டினேன். கடைசி சேனலுக்கு வரச் சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எதற்கென்று சொல்லிக் கூப்பிடுவது? பாடம் முடிந்துவிட்டதே. சும்மா பேசலாம் வாருங்கள் என்று கூப்பிடும் தைரியம் எனக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை. அவருக்கும் இல்லை என்று நினைக்கிறேன்.

கொஞ்ச நாள் கழித்துச் சூப்பர்வைசர் இனிப்போடு படியேறி வந்தார். புது இடம் ஒன்று வருகிறதாம். அதானி, இதானி என்று பெயர்கள் அடிபடுகிற பெரிய துறைமுகம் ஒன்றும் இல்லை, எங்கள் கம்பெனியே காட்டுப்பள்ளிப் பக்கம் புதிதாக ஒரு யார்டு திறக்கிறது. அங்கே கப்பல் அதிகாரிகளோடு நேரடியாகச் செட்டில் பேசவேண்டுமாம், உச்சரிப்பு சுத்தமாக உள்ள ஆட்களாகப் பார்த்து எடுக்கிறார்கள். நம் யார்டிலிருந்து கிரேன் மூன்று போகிறார். சம்பளமும் கூடுதல்.

'எல்லாம் நீங்க குடுத்த ட்ரெய்னிங்தான் மேடம். அவரே சொன்னாரு.'

சூப்பர்வைசர் போன பிறகு அந்த மைசூர்பாகைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். செட்டில் இருக்கவேண்டும் என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுத்ததாலேயே வேறு செட்டுக்குப் போகிறார். அங்கே பேசுவது இங்கே எட்டாது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினேன், குறைத்தேன்.

அவருடைய கடைசி நாள் ஒரு சனிக்கிழமை. காலை ஷிப்டு. நான் முதல் நாளே யோசித்து வைத்திருந்தேன், வாழ்த்துகள் என்று சொல்லலாமா, உடம்பைப் பாருங்கள் என்று சொல்லலாமா. வரிசையாகப் பெட்டிகள் வந்தன. எல்லாம் பச்சை. யூனிஃபார்ம், யூனிஃபார்ம், யூனிஃபார்ம். நானும் சரி என்று தட்டிக்கொண்டே இருந்தேன். ஷிப்டு முடிகிற நேரம், கீழே ஒரே ஒரு லாரி பாக்கி.

'கன்ட்ரோல், கிரேன் மூன்று.'

'சொல்லுங்க.'

'ரோமியோ. கிலோ. டெல்டா.'

மூன்றும் பச்சை. ஒரு மூச்சு விட்டார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

நான் செட்டைக் காதில் வைத்துப் பார்த்தேன். பேட்டரி இருந்தது, இரைச்சலும் இருந்தது. திரையில் நாலாவது எழுத்துக்கான கட்டம் காலியாக மின்னிக்கொண்டிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அந்தத் தீப்பெட்டி அறையில் ஒரு உருவம் அசையாமல் இருந்தது. கீழே லாரிக்காரன் ஹாரன் அடிக்க ஆரம்பித்தான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் மறக்கவில்லை. நாலாவது எழுத்தை எனக்கு விட்டுவைத்திருக்கிறார்.

பட்டனை அழுத்தினேன்.

'யூ ஃபார் உள்ளேன்.'

திரை சிவந்தது. போகட்டும் என்று விட்டேன். அவர் எண்களைச் சொல்லத் தொடங்கினார், நிதானமாக, ஒவ்வொன்றாக. கடைசி எண் ஒன்பது. 'நைனர்' என்றார். நான் எல்லாவற்றையும் திரும்பப் படித்தேன், நடுவில் அந்த உள்ளேனையும் சேர்த்து.

'ரோஜர்' என்றார். பின்னால் எதையும் விடாமல், நான் சொல்லிக்கொடுத்தபடியே. பெட்டி லாரியில் ஏறியது. லாரி போனது. கிரேன் உச்சியிலிருந்து ஒருவர் ஏணியில் இறங்குவது தெரிந்தது, இந்தப் பக்கம் ஒரு முறை திரும்பியது போலவும் இருந்தது. தூரம், வெயில். நிச்சயமாகச் சொல்ல முடியாது. மாலையில் அந்தச் சிவப்புக்காகச் சூப்பர்வைசர் என்னைக் கேட்டார். இருமிவிட்டேன் என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன், வாயசைத்தேன், தலையாட்டினேன், விரலைக் காட்டிப் பால் வாங்கினேன். திங்கள் காலையில் செட்டை எடுத்து 'கன்ட்ரோல்' என்றேன். வழக்கம்போலக் கரகரவென்று வந்தது. மூன்றாம் நம்பர் கிரேனுக்குப் புதிதாக ஒரு பையன். படித்தவன், எல்லாச் சொல்லும் பிசிறில்லாமல் வருகிறது.

'கன்ட்ரோல், உங்க வாய்ஸ் கிளியரா இல்ல' என்றான். 'சே அகெய்ன்.'

அவன் மேல் தப்பில்லை. திரையிலும் சிவப்பாகத்தான் விழுந்திருந்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொன்னேன்.